ஊருக்கு வெளியே வளர்ந்த ஊர்: வேலூர் மாநகராட்சி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரின் மக்கள்தொகைக் கணக்கை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் கண் நின்றுவிடும். 1961-ல் 1.14 லட்சம் பேர். 1971-ல் 1.39 லட்சம். 1981-ல் 1.74 லட்சம். இதுவரை சரி, மாவட்டத் தலைநகர் என்றால் இப்படித்தான் ஏறும். அப்புறம் 1991-ல் 1.75 லட்சம், 2001-ல் 1.77 லட்சம், 2011-ல் 1.86 லட்சம். முப்பது வருடத்தில் கூடியது பன்னிரண்டாயிரம் பேர் கூட இல்லை.

ஆனால் அதே முப்பது வருடத்தில்தான் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் ரயில் ரயிலாக வரத் தொடங்கினார்கள். 1984-ல் காட்பாடியில் வேலூர் பொறியியல் கல்லூரி தொடங்கி, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று விஐடி என்று நாடு முழுக்கத் தெரிகிறது. 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. இவ்வளவும் நடந்த ஊரில் ஜனம் மட்டும் கூடவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜனம் கூடத்தான் செய்தது. கூடிய இடம் நகராட்சி எல்லைக்கு வெளியே. வேலூரையும் அதோடு ஒட்டிய ஊர்களையும் சேர்த்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நகர்ப்புறத் திரள்’ என்று ஒரு எண் தருவார்கள். அது 1991-ல் சுமார் 3.1 லட்சம், 2001-ல் 3.9 லட்சம், 2011-ல் 4.8 லட்சம். இதிலிருந்து நகராட்சியின் எண்ணைக் கழித்தால், சுற்றியிருந்த ஊர்களில் மட்டும் 1991-ல் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல், 2001-ல் இரண்டு லட்சத்துக்கு மேல், 2011-ல் மூன்று லட்சத்தை ஒட்டி. இருபது வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியது இந்த வெளிவட்டம்தான். காட்பாடி, சத்துவாச்சாரி, தாராபடவேடு, கழிஞ்சூர், தொரப்பாடி, பாகாயம் என்று பெயர்கள்தான் வேறு வேறு. வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லாரும் போனது ஒரே ஊருக்கு.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதுதான்: குடியேற்றம் முன்னால் போகிறது, நகராட்சி எல்லை இருபது, முப்பது வருடம் கழித்துப் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில் போட்ட மனை, தூர்ந்த கால்வாய், கட்டாத சாக்கடை எல்லாம் பிறகு எந்தத் திட்டத்தாலும் எளிதில் சரியாவதில்லை. வேலூரில் இது ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது. இப்போது அடுத்த வட்டத்தில் மறுபடி நடக்கிறது.

உள்ளூர் ஏன் நின்றது?

1866-ல் நகராட்சியான ஊர் வேலூர். அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் மாவட்டத் தலைநகரானது. அரசு அலுவலகம், நீதிமன்றம், ஜெயில், மிஷன் ஆஸ்பத்திரி எல்லாம் ஏற்கனவே நெருக்கமாக இருந்த ஒரு கோட்டை ஊரில் வந்து உட்கார்ந்தன.

பழைய நகராட்சியின் பரப்பு 12 சதுர கிலோமீட்டருக்குள். வடக்கே பாலாறு, கிழக்கே மலை. நடுவில் கோட்டையும் அகழியும் மட்டும் 133 ஏக்கர். மீதியில் 1.8 லட்சம் பேர் இருந்தால் சதுர கிலோமீட்டருக்கு 15,000 பேருக்கு மேல் ஆகிறது. வேலூரின் சைதாப்பேட்டை, கஸ்பா, கொசப்பேட்டை தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டின் சுவர். 2011 கணக்கில் 42,802 குடும்பங்கள், குடும்பத்துக்குச் சராசரி நாலு பேருக்குக் கொஞ்சம் மேல்.

இந்த நெருக்கத்தில் இடம் விலை ஏறும்போது வீடு என்ன ஆகும்? லாட்ஜ் ஆகும். ஐடா ஸ்கடர் ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் தோட்டப்பாளையத்திலும் அதைத்தான் பார்க்கிறோம். கீழே மருந்துக் கடை, பக்கத்தில் வங்காள மீன் சாப்பாட்டுக் கடை, மேலே நாலு மாடி அறைகள். பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், இந்தியோடு வங்காள எழுத்தும் இருக்கும். சில லாட்ஜ்களில் அறையோடு ஒரு சின்ன அடுப்பும் பாத்திரமும் தருவார்கள். நோயாளியோடு வந்த மனைவியோ தாயோ காலையில் மார்க்கெட்டில் காய் வாங்கி வந்து, தங்கள் ஊர் ருசியில் சமைத்து, டப்பாவில் போட்டு வார்டுக்கு எடுத்துப் போவார். மாதக்கணக்கில் இப்படி இருப்பவர்கள் உண்டு. ஆட்டோக்காரர்கள் இவர்களோடு பேசிப் பேசியே இந்தியும் வங்காளமும் கற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தெருக்களில் முன்னால் இருந்த குடும்பங்கள் விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ சத்துவாச்சாரிக்கும் காந்திநகருக்கும் போய்விட்டன. ஆக, பழைய ஊர் காலியாகவில்லை. ஊர்க்காரர்கள் போன இடத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து போகிறார்கள். கணக்கெடுப்பு இவர்களை எண்ணுவதில்லை. கோல்கத்தாவிலிருந்து வந்து ஆறு வாரம் தங்குகிறவர் கணக்கில் கோல்கத்தாக்காரர்தான். ஆனால் அவர் குடிக்கிற தண்ணீர், போடுகிற குப்பை, கழிவறையில் விடுகிற நீர் எல்லாம் வேலூர் மாநகராட்சியின் பொறுப்பு.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம்தான் சிஎம்சி. அது 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரியானது, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியானது. 2022-ல் ராணிப்பேட்டை பக்கத்தில் அதன் புதிய வளாகம் திறந்தபோது பழைய ஊரின் நெரிசல் குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஓரளவு குறைந்திருக்கலாம். ஆனால் லாட்ஜும் ஸ்கேன் மையமும் மருந்து மொத்த வியாபாரமும் பழைய வளாகத்தைச் சுற்றித்தான் இன்னும் நிற்கின்றன.

2011 எண்கள் சொல்லும் மனிதர்கள்

பழைய நகராட்சி எல்லைக்குள் 1,85,803 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,034 பெண்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி 996. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9,417 ஆண், 9,209 பெண், அதாவது ஆயிரத்துக்கு 978. மாநிலத்தில் இது 943-தான். பெண் குழந்தையைப் பிறக்க விட்டு வளர்க்கிற ஊர் என்பதற்கு இந்த எண் ஒன்றே போதும். வேலூர் பெருமைப்பட வேண்டிய விஷயங்களில் இதை முதலில் வைப்பேன். பெரியவர்களிடையே பெண்கள் கூடுதலாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு பக்கம் நர்சிங் படிப்பும் ஆஸ்பத்திரி வேலையும் பெண்களை ஊருக்குள் அழைக்கின்றன. இன்னொரு பக்கம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் ஆண்கள் போய்விடுகிறார்கள்.

ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முஸ்லிம். மாநில சராசரி நூற்றுக்கு ஆறு பேர் கூட இல்லை. பட்டியல் சாதியினர் 21 சதவீதத்துக்கு மேல். வட ஆற்காட்டுப் பக்கத்தில் உருது பேசும் குடும்பங்கள், தெலுங்கு பேசும் குடும்பங்கள், தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் இருப்பது பழைய பழக்கம். சித்தூர் எல்லை அரை மணி, முக்கால் மணி பஸ் தூரம்தான்.

வேலை செய்கிறவர்கள் 64,646 பேர். இதில் சொந்த நிலத்தில் உழுகிறவர்கள் 484, விவசாயக் கூலிகள் 774. இரண்டும் சேர்த்து நூற்றுக்கு இரண்டு. வீட்டுத் தொழிலில் இருந்தவர்கள் 5,317 பேர். இந்தப் பக்கத்தில் வீட்டுத் தொழில் என்றால் பெரும்பாலும் பீடி. முறத்தை மடியில் வைத்து, இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்கள். மருத்துவ நகரம், கல்வி நகரம் என்று விளம்பரப் பலகைகள் சொல்லும்போது இந்தப் பெண்கள் அதில் வருவதே இல்லை. மாநகராட்சியின் குடிநீர்க் குழாய் நேரத்துக்கு வருகிறதா என்பது இவர்கள் வருமானத்தைத் தொடும் விஷயம். குடத்தோடு காத்திருக்கிற ஒரு மணி நேரம் அவ்வளவு பீடி குறைவு.

மீதிப் பேரில் 51,387 பேர் ‘பிற வேலை’ என்ற ஒரே பெட்டியில் கிடக்கிறார்கள். ஆஸ்பத்திரி, கடை, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், ஆட்டோ, லாட்ஜ், கட்டடம் எல்லாம் அதற்குள். 2019 நவம்பர் 28 முதல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை, ஆற்காடு, அரக்கோணம் ஒரு பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் இன்னொரு பக்கம். தோல் தொழிலின் பெரிய பகுதியும் கனரகத் தொழிலும் பக்கத்து மாவட்டங்களுக்குப் போய்விட்டன. 39 லட்சம் பேர் இருந்த மாவட்டம் சுமார் 16 லட்சமானது. வேலூர் நகரம் இப்போது சேவைத் தொழிலையே நம்பி நிற்கிறது.

எல்லை நகர்ந்த வருடம்

2008 ஆகஸ்ட் 1-ல் வேலூர் மாநகராட்சியானது. அப்போதும் எல்லை பழைய எல்லைதான். 2011-ல்தான் சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்தார்கள்: ஆற்றுக்கு வடக்கே காட்பாடி, காந்திநகர், தாராபடவேடு, கழிஞ்சூர், விருதம்பட்டு, காங்கேயநல்லூர், கிழக்கே சத்துவாச்சாரி, மேற்கிலும் தெற்கிலும் கோணவட்டம், சேண்பாக்கம், அல்லாபுரம், தொரப்பாடி, பாகாயம், அரியூர். இவற்றில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாம் உண்டு. பரப்பு ஒரே தடவையில் ஏறக்குறைய 88 சதுர கிலோமீட்டராக, ஏழு மடங்குக்கு மேல் ஆனது.

சேர்ந்த ஊர்கள் வெறும் புறநகர் இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சரித்திரம் உண்டு. காங்கேயநல்லூர் கிருபானந்த வாரியார் பிறந்த ஊர். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவிலில் நீண்ட காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. அந்த லிங்கம் சத்துவாச்சாரியில் பாதுகாக்கப்பட்டு 1981-ல்தான் கோட்டைக்குத் திரும்பியது. அந்தச் சத்துவாச்சாரிக்குத்தான் கலெக்டர் அலுவலகமும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பும் வந்து, இன்று ‘பேஸ் ஒன்று, பேஸ் இரண்டு’ என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி புரியும்.

இனி கொஞ்சம் கணக்கு போடுவோம். பழைய நகராட்சியில் 48 வார்டு. 1.86 லட்சம் பேரை 48-ஆல் வகுத்தால் ஒரு கவுன்சிலருக்கு நாலாயிரம் பேருக்குள். புதிய மாநகராட்சியில் 60 வார்டு. ஐந்து லட்சத்தை ஒட்டிய ஜனத்தை வகுத்தால் ஒருவருக்கு எட்டாயிரம். இணைந்த ஊர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு. சத்துவாச்சாரிக்கும் தொரப்பாடிக்கும் தனித் தலைவர், தனி மன்றம், நடந்து போகிற தூரத்தில் ஒரு அலுவலகம் இருந்தது. இப்போது நான்கு மண்டலங்களில் ஒன்றின் பகுதி. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல முன்னால் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். இப்போது மண்டல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடர்த்தியைப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். சதுர கிலோமீட்டருக்கு 15,000-க்கு மேல் இருந்தது 5,500 பக்கம் இறங்கியது. நெரிசல் குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. பழைய ஊர் அப்படியேதான் இருக்கிறது. அர்த்தம் இதுதான்: அதே ஆயிரம் பேருக்கு முன்னைவிட இரண்டு, மூன்று மடங்கு நீளத்துக்குக் குழாய், சாக்கடை, ரோடு, விளக்குக் கம்பம் வேண்டும். குப்பை வண்டி அவ்வளவு தூரம் ஓட வேண்டும். பணியாளரும் பணமும் தலைக்கணக்கில் வருகின்றன, செலவு நீளக் கணக்கில் ஆகிறது. புறநகரை இணைத்த எல்லா மாநகராட்சிகளும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சரி, வரி? சொத்துவரி உடனே மாநகராட்சி வரி ஆனது. 2022-ல் மாநிலம் முழுக்கச் சீரமைத்தபோது 600 சதுர அடி வரையான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. அதன் பிறகு வருடா வருடம் குறைந்தது 6 சதவீதம் ஏற்றலாம் என்றும் விதி வந்தது. வரி கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. நகரம் நடக்க வரி வேண்டும். ஆனால் ஊராட்சியாக இருந்த இடத்தில் குடியிருந்தவருக்கு நூறு நாள் வேலைத் திட்டம் அன்றோடு நின்றது, வரி அன்றே வந்தது, பாதாளச் சாக்கடை மட்டும் எப்போதோ வந்தது. அடுத்த ஊராட்சியை இணைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் கிராமசபையில் ஏன் எதிர்ப்பு கிளம்புகிறது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

மன்றம் இல்லாத வருடங்கள்

2011 அக்டோபரில் விரிந்த எல்லைக்கு முதல் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்தான். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் என்று யாருமே இல்லை. தனி அலுவலர் நிர்வாகம்.

வேலூர் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் சேர்ந்தது 2016 செப்டம்பரில். அதாவது, இந்த ஊரின் தெருக்களில் இதுவரை இல்லாத அளவு பணம் இறங்கிய காலமும், தெருவுக்காகப் பேச ஆள் இல்லாத காலமும் ஒன்றேதான். பள்ளம் தோண்டியது யார், எப்போது மூடுவார்கள், இந்தத் தெருவில் முதலில் சாக்கடையா ரோடா என்று கேட்கக் கூடிய இடமே இல்லாமல் போனது. மன்றம் வந்து சில மாதத்தில், 2022 ஜூனில், பெரிய காளியம்மன் கோவில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்ட படம் நாடு முழுக்கப் பரவியது. பைக் ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கடந்து போனது. எனக்கு அதில் தெரிந்தது வேறு: ராத்திரியோடு ராத்திரியாக, தெருவில் குடியிருப்பவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், மேற்பார்வை இல்லாமல் வேலை நடக்கிற பழக்கம் அந்த ஐந்து வருடத்தில் ஊறிப்போயிருந்தது.

2022 தேர்தலில் வார்டுகளில் பாதி பெண்களுக்கு. 37-வது வார்டில் திருநங்கையான கங்கா நாயக் ஜெயித்தார். அந்தப் பகுதியில் வருடக்கணக்காக ஓடியாடி வேலை பார்த்தவரை ஜனங்கள் அடையாளம் கண்டு ஓட்டு போட்டார்கள். உள்ளாட்சித் தேர்தல் ஒழுங்காக நடந்தால் இப்படிப்பட்டவர்கள் முன்னால் வருவார்கள்.

தண்ணீர், சாக்கடை, ஏரி

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்காகச் சொல்வது; வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். வேலூருக்கு ஓட்டேரி ஏரியும், பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளும், பொன்னை ஆற்றுத் தண்ணீரும்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. மணல் போனதும் ஊற்று போனது. மேலே தோல் தொழிற்சாலைகள் இருந்த பகுதிகளில் நிலத்தடி நீரின் தரமும் போனது. கடைசியில் 1,295 கோடி ரூபாயில் மேட்டூர் பக்கமிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். பாலாற்றங்கரை ஊர் காவிரியைக் குடிக்கிறது.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது அளவு. ஐந்து லட்சம் பேருக்கு ஆறே முக்கால் கோடி லிட்டர். இதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாகத் திரும்பும். ஐந்து கோடி லிட்டருக்கு மேல். லாட்ஜில் இருப்பவர்களையும் கூட்டினால் இன்னும் ஏறும். காவிரி வந்த வேகத்துக்குக் கழிவைக் கொண்டுபோக வழி வரவில்லை. பாலாற்றங்கரையில் சர்க்கார் தோப்பில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் குழாய் வலை எல்லாத் தெருவுக்கும் இன்னும் முழுமையாகவில்லை. வலை சேராத தெருவில் செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குப் போன் செய்ய வேண்டும்.

காட்பாடிப் பக்கத்தில் ஒரு புதுத் தெருவில் வீடு கட்டுகிறவர்களைக் கவனித்தால் மாநகராட்சியின் மொத்தக் கதையும் அந்த அஸ்திவாரத்தில் தெரியும். மேஸ்திரி முதலில் ரோட்டைத்தான் பார்ப்பார். “சார், இந்த ரோடு இன்னும் ரெண்டு வாட்டி ஏறும். அதையும் சேத்து பேஸ்மட்டம் போட்டுக்கலாம்” என்பார். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால், பத்து வருடத்துக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நாலடி உயர்த்திக் கட்டியிருப்பார். மழைநீர் இருவரில் யார் வீட்டுக்குள் போகும் என்பது வீடு கட்டிய வருடத்தைப் பொறுத்தது. வாசலில் சம்ப், அதில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ள. பின்பக்கம் போர். அதற்குப் பத்தடி தள்ளி செப்டிக் டேங்க். 1,200 சதுர அடி மனையில் இந்த மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும்?

இதைத் தனி மனிதரின் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். சாக்கடை வராத இடத்தில் அவரவர் சாமர்த்தியத்தில் வாழ வேண்டியிருக்கிறது. மனை போட்ட அன்று அந்த இடம் ஊராட்சி. வயலை அளந்து, கல் நட்டு, கொடி கட்டி விற்றார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் வேகம் குறைந்தது. 2017-ல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்தக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டணம் கட்டினால் பத்திரம் சுத்தமாகும். இருபதடித் தெரு முப்பதடி ஆகாது, விடாத பூங்கா முளைக்காது.

இந்த நிலத்தில் முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் வெள்ளம் புரியும். கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி, காட்பாடி ஏரி, சதுப்பேரி, தொரப்பாடி ஏரி, ஓட்டேரி என்று ஊரைச் சுற்றி ஏரிகள். ஏரி என்றால் கரையும் தண்ணீரும் மட்டும் இல்லை. மலையிலிருந்து வரும் வரத்துக் கால்வாய், மதகு, அந்த நீரில் விளையும் ஆயக்கட்டு வயல், நிரம்பினால் வழிய ஒரு கலங்கல், கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிற கால்வாய், எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஆயக்கட்டு மனையானதும் பாசனக் கால்வாய் யாருக்கும் வேண்டாமல் போனது. முதலில் வேலி, பிறகு படி, பிறகு கார் நிறுத்துமிடம். பத்து வருடம் மழை பொய்த்தால் கால்வாய் இருந்ததே மறந்துபோகும்.

2021 நவம்பரில் அது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பாலாற்றில் இந்தத் தலைமுறை பார்க்காத தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. பொன்னையாறும் பெருகியது, அதற்கடுத்த மாதம் திருவலம் பக்கத்தில் பொன்னையாற்று ரயில் பாலத்தில் சேதம் கண்டு சென்னைப் பாதையில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஊருக்குள் நிக்கல்சன் கால்வாய் நிரம்பி கன்சால்பேட்டை மூழ்கியது. சதுப்பேரியின் உபரி நீரைப் பாலாற்றுக்குக் கொண்டுபோக வேண்டிய கால்வாய் அது. கன்சால்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதில்லை, பெரிய மழை என்றாலே பாய், பாத்திரம், ரேஷன் கார்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பழைய ஊரில் ஆக்கிரமிப்பை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கால்வாய் காட்டுகிறது. எடுக்க வேண்டியது ஏழைகளின் வீட்டை. அவர்களுக்கு வேறு இடம் கொடுக்காமல் எடுப்பது நியாயமும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், வீடு வரும் முன் கால்வாயைக் காப்பாற்ற வேண்டும். வந்த பிறகு யாருக்கும் நல்ல வழி மிச்சமில்லை.

குப்பையில் மட்டும் வேலூருக்கு ஒரு நல்ல பாடம் உண்டு. சதுப்பேரியில் கொட்டிக் கொட்டி மலையாகிப் புகைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, ஊர் முழுக்கச் சின்னச் சின்ன மையங்கள் அமைத்து, அங்கேயே பிரித்து உரமாக்குகிற முறைக்கு மாநகராட்சி போனது. ‘வேலூர் சீனிவாசன்’ என்று அறியப்படும் திடக்கழிவு வல்லுநர் வளர்த்தெடுத்த முறை இது. வேறு மாநிலங்களும் இதை எடுத்துக்கொண்டன. நீளக் கணக்கில் செலவாகும் ஊருக்கு இதுதான் பொருத்தம்: குப்பையை ஊரைத் தாண்டி ஓட்டாமல் வார்டிலேயே முடிப்பது. மையங்களில் ஆளும் கூலியும் சரியாக இருக்கிற வரை நடக்கும். ஒப்பந்தப் பணியாளரின் கூலி தள்ளிப்போனால் மறுநாளே தெருமுனையில் தெரிந்துவிடும்.

அடுத்த வட்டம்

இன்றைய எல்லைக்கு வெளியே இப்போது என்ன நடக்கிறது? பெங்களூர் நெடுஞ்சாலையில் மேல்மொணவூர், அப்துல்லாபுரம், பொய்கை. சென்னைப் பக்கம் பெருமுகை. காட்பாடிக்கு அந்தப் பக்கம் பிரம்மபுரம், சேர்க்காடு. தெற்கே ஊசூர், பென்னாத்தூர். விஐடி மாணவர்களுக்கும் பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் வாடகை வீடுகள், நெடுஞ்சாலை ஓரத்தில் கல்யாண மண்டபங்கள், வயல் நடுவில் மனைப்பிரிவு வளைவுகள். 1991-ல் சத்துவாச்சாரியும் தாராபடவேடும் இருந்த நிலையில் இவை இன்று இருக்கின்றன. ஊராட்சித் தலைவருக்கு ஒரு செயலர், ஒரு மேல்நிலைத் தொட்டி, சில தூய்மைக் காவலர்கள்; அந்த பலத்தோடு ஒரு நகரத்தை உருவாக்கச் சொல்கிறோம்.

2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. அதற்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-ஓடு நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆக, இந்த ஊர்களில் பலவும் மறுபடி கிராமக் கணக்கில்தான் வரும். வேலூருக்கு நிதி பிரிப்பதும் குழாய் அளவு போடுவதும் இன்றுவரை 2011 தலைக்கணக்கின் மேல்தான். அன்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை இன்று கல்லூரியில் இருக்கிறது.

எல்லை நகரும் வரை காத்திருக்காமல் செய்யக் கூடியவை உண்டு. மாநகராட்சியும் அதை ஒட்டிய ஊராட்சிகளும் சேர்ந்து ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல் கால்வாய் எல்லாவற்றையும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புல வரைபடத்தை வைத்து இப்போதே அளந்து கல் நட வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம் அந்த வரைபடத்தை முதலில் காட்ட வேண்டும். 2027 கணக்கெடுப்போடு சேர்த்து, லாட்ஜ் பதிவேடு, விடுதிப் பதிவேடு, குடிநீர் அளவு ஆகியவற்றை வைத்து ஒரு சராசரி நாளில் எத்தனை பேர் இந்த ஊரில் தூங்குகிறார்கள் என்று மாநகராட்சி தானே ஒரு எண் எடுத்து, நிதி கேட்கும்போது அதை மேசையில் வைக்க வேண்டும். இணைக்கப் போகிற ஊராட்சிக்கு, சாக்கடை எந்த வருடம் வரும் என்று எழுத்தில் கொடுத்து, வந்த பிறகுதான் முழு வரி என்று சொல்ல வேண்டும். வரைபடமும் பதிவேடுகளும் அலுவலகங்களில் ஏற்கனவே இருக்கின்றன. கால்வாயை அளக்க ஒரு நில அளவையரும் இரண்டு ஊழியரும் போதும். மேல்மொணவூரிலும் பிரம்மபுரத்திலும் அதைத் தொடங்கலாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் தொடங்கலாம்.